கள்ளத்தோணி என்ற பெயர்: சட்டமும் இரக்கமும்

குடும்பப் படிப்புப் பாடம்

வாசிக்க வேண்டிய வேதபகுதி: அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரமும், 28:1–10 வசனங்களும்.
துணைப் பகுதிகள்: லேவியராகமம் 19:33–34, உபாகமம் 24:14–15, ரோமர் 13:1–10, பிலேமோனுக்கு எழுதிய நிருபம்.



இந்த முறை நாம் பாடத்துக்கு எடுத்திருக்கும் விஷயம் கொஞ்சம் கசப்பானது. அனுமதியில்லாமல் ஒரு நாட்டுக்குள் வருகிறவர்களை என்ன செய்வது? பிடிக்கிற பொலிஸ்காரர் செய்வது சரியா? அப்படி வந்தவருக்குச் சோறு போடுகிறவர் செய்வது சரியா? இரண்டும் சரியாக இருக்க முடியுமா? இதுதான் கேள்வி.

வேதபகுதியை வைத்து எழுதியிருந்தாலும், கோயிலுக்குப் போகிற குடும்பமும் பள்ளிவாசலுக்குப் போகிற குடும்பமும் இதைப் படிக்கலாம். விஷயம் எல்லாருக்கும் பொதுவானது. இரண்டு மாலை எடுத்துக் கொள்ளுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும். பெரியவர்கள் நடுவில் நிறுத்தி, தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லட்டும்.

1. அந்தப் பெயர் நமக்கு எப்படி வந்தது?

'கள்ளத்தோணி' என்ற சொல்லைக் கேட்காத தோட்டத்துப் பிள்ளை இல்லை. பஸ்ஸில், டவுனில், கந்தோரில் நம்ம தாத்தா அப்பாச்சியைப் பார்த்து அதைச் சொன்னார்கள். அது உண்மையா என்று முதலில் பார்ப்போம்.

நம்ம முன்னோர் 1820-களிலும் 30-களிலும் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கினார்கள். மன்னார்ப் பக்கம் கரை இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்தவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். வழியிலே காய்ச்சலுக்கும் கொலராவுக்கும் மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. கோப்பி நோயால் அழிந்து தேயிலை வந்த பிறகும் ஆள் வந்துகொண்டே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டபம் காம்பில் நிறுத்தி வைத்து, நோய் பார்த்து, கழுத்திலே தகரத் துண்டைக் கட்டிவிட்டு அனுப்பினார்கள். அந்தத் தகரத்தில் தோட்டத்தின் இலக்கம் இருந்தது. இப்படி இலக்கம் போட்டு, அரசாங்கத்துக்குத் தெரிந்தே கூட்டி வந்தவர்களை ஒளிந்து வந்தவர்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

மாறியது சட்டம். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த வருஷம் நவம்பர் 15-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். லயத்துக் காம்பராவில் பிறந்தவருக்கு ஏது அந்தப் பத்திரம்? 1947-இல் வாக்குப் போட்டவர்களுக்கு அடுத்த தேர்தலில் வாக்கு இல்லை. 1949-இல் வந்த இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் அதிகமானவர்களுக்காக விண்ணப்பம் போடப்பட்டது. கிடைத்தது ஏறக்குறைய 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு மட்டுமே.

அதன் பிறகு 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரை இரண்டு அரசாங்கங்களும் பங்கு பிரித்தன. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974-இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு நம்ம சனம் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. இங்கே 'இந்தியாக்காரன்' என்று ஏசப்பட்டவர், நீலகிரித் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் 'சிலோன்காரன்' ஆனார். இங்கே மிச்சமிருந்தவர்களுக்காக 1986-இலும் 1988-இலும் சட்டங்கள் வந்தன. கடைசியில் 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வாழ்ந்து வந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது.

அப்படியானால் தோணியில் அனுமதியில்லாமல் வந்தவர்களே இல்லையா? இருந்தார்கள். அதையும் மறைக்கக் கூடாது. பஞ்சத்துக்கும் கூலிக்கும் சொந்தக்காரரைத் தேடியும் பாக்கு நீரிணையைக் கடந்து இரவோடு இரவாக வந்தவர்கள் உண்டு. அவர்களைப் பிடிக்க 1952-இல் இராணுவமும் கடற்படையும் பொலிசும் சேர்ந்து ஒரு நடவடிக்கையைத் தொடங்கின. 1963-இல் அது பெரிதாக்கப்பட்டு 1981 வரை நடந்தது. அந்தக் காலத்தில் வடக்கிலிருந்து மலைநாடு வரை பத்திரம் கேட்டு மறிப்பது சாதாரணம்.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. தகரத் துண்டோடு சட்டப்படி வந்தவர், இங்கேயே பிறந்தவர், வறுமையால் தோணி ஏறியவர், காசு வாங்கித் தோணி ஓட்டியவர் – இந்த நாலு பேருக்கும் ஒரே பெயரை வைத்தார்கள். நாலு பேர் செய்ததும் ஒன்றல்ல. ஆனால் ஒரு பெயரைக் கேட்டதும் மற்றவர்கள் அந்த முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

2. வேதம் காட்டும் படகு

இப்போது அப்போஸ்தலர் 27-ஆம் அதிகாரத்துக்கு வருவோம். இதிலும் ஒரு படகு, ஒரு கைதி, ஓர் அதிகாரி, ஒரு தீவு, அந்தத் தீவின் சனங்கள். நம்ம விஷயத்துக்கு வேண்டிய எல்லாரும் இதில் இருக்கிறார்கள்.

பவுல் ஒரு கைதி. இராயனிடம் நியாயம் கேட்டபடியால் ரோமாபுரிக்குக் கொண்டு போகிறார்கள். கொண்டு போகிறவர் யூலி என்ற நூற்றுக்கு அதிபதி. இந்தக் காலத்தில் சொல்வதானால், கைதிகளை நீதிமன்றத்துக்குக் கொண்டு போகும் பொறுப்பிலுள்ள அதிகாரி. இவரை மூன்று இடத்தில் கவனியுங்கள்.

முதலாவது, சீதோனில் கப்பல் நிற்கும்போது, பவுல் தன் சிநேகிதரிடம் போய்த் தேறி வருவதற்கு யூலி இடம் கொடுக்கிறார் (27:3). கைதி கைதிதான். ஆனால் அந்தக் கைதிக்கும் பசியும் களைப்பும் உண்டு என்பது இந்த அதிகாரிக்குத் தெரிகிறது.

இரண்டாவது, பதினான்கு நாள் புயலுக்குப் பிறகு கப்பல் உடையும்போது, கைதிகள் நீந்தித் தப்பிவிடுவார்கள் என்று சொல்லி அவர்களைக் கொன்றுபோடப் போர்ச்சேவகர் யோசனை சொல்கிறார்கள் (27:42). ஏன் அப்படி? கைதி தப்பினால் காவல்காரனின் உயிர் போகும் காலம் அது (12:19 பார்க்க). ஆகவே சேவகர் கெட்டவர்களாகப் பிறந்தவர்கள் என்று நாம் எண்ண வேண்டாம். பயம் அப்படிப் பேச வைக்கிறது. யூலிக்கும் அதே பயம் இருந்திருக்கும். ஆனாலும் தடுக்கிறார். நீந்தத் தெரிந்தவர்கள் முதலில் குதிக்கட்டும், மற்றவர்கள் பலகையைப் பிடித்துக் கரை சேரட்டும் என்று கட்டளையிடுகிறார். 276 பேரும் உயிரோடு கரை சேர்கிறார்கள்.

மூன்றாவது, இவ்வளவு செய்த யூலி பவுலை விடுதலை செய்யவில்லை. 'நல்ல மனுஷன், ஓடிப் போ' என்று சொல்லவும் இல்லை. ரோமாபுரிக்குக் கொண்டு போய்க் கடமையை முடிக்கிறார். பவுலும் ஓடப் பார்க்கவில்லை. கடமையும் இரக்கமும் ஒரே ஆளிடம், ஒரே பிரயாணத்தில் இருக்கின்றன.

அடுத்தது தீவார். மெலித்தா என்பது இன்றைய மால்டா. மழை, குளிர். நனைந்து நடுங்கிக் கொண்டு 276 பேர் கரையேறுகிறார்கள். இவர்களில் யார் கைதி, யார் சேவகன், யார் கப்பல்காரன் என்று அந்தச் சனத்துக்கு எப்படித் தெரியும்? நெருப்பு மூட்டி எல்லாரையும் சேர்த்துக் கொள்கிறார்கள் (28:2). விசாரணை பிறகு நடக்கும், முதலில் குளிர் காயட்டும் என்பது போல இருக்கிறது அவர்கள் செய்தது.

ஆனால் அந்த நல்ல சனத்திடமும் ஒரு குறை இருந்தது. விறகுக்குள்ளிருந்து விரியன் பாம்பு பவுலின் கையைக் கவ்வியதும், இவன் கொலைகாரனாகத்தான் இருக்க வேண்டும், கடலுக்குத் தப்பினாலும் பழி விடவில்லை என்று பேசிக் கொள்கிறார்கள் (28:4). துன்பப்படுகிறவன் ஏதோ தப்புச் செய்திருப்பான் என்று நினைப்பது மனுஷ சுபாவம். நம்ம லயத்திலும் அந்தப் பேச்சு உண்டு. 'ஒண்ணும் செய்யாமலா பொலிஸ் பிடிச்சான்?' என்று எத்தனை தரம் கேட்டிருக்கிறோம். பிறகு பவுல், அந்தத் தீவின் முதலாளியாகிய புபிலியுவின் தகப்பனைக் காய்ச்சலிலிருந்தும் வயிற்றுக் கடுப்பிலிருந்தும் சுகப்படுத்துகிறார். கொலைகாரன் என்று அவர்கள் எண்ணியவரால் அவர்களுக்கே நன்மை கிடைத்தது.

3. சட்டம் எதற்கு, எதுவரைக்கும்?

சிலர் கேட்பார்கள்: "இரக்கம் இருந்தால் எல்லையே வேண்டாம் என்று சொல்ல வேண்டியதுதானே?" அப்படி வேதம் சொல்லவில்லை. ரோமர் 13-இல், அதிகாரத்திலுள்ளவர்கள் தீமையைத் தடுப்பதற்காக நியமிக்கப்பட்டவர்கள் என்று பவுல் போதிக்கிறார். யார் வருகிறார், யார் போகிறார் என்று பார்க்க ஒரு நாட்டுக்கு உரிமை உண்டு. காவல் இல்லாத கரையில் முதலில் வந்து நிற்பவன் ஏழை இல்லை, ஏழையை விற்கிறவன். அவனைப் பிடிக்கிற கடற்படைக்காரரும் பொலிஸ்காரரும் ஏழைக்குத்தான் உதவி செய்கிறார்கள்.

ஆனால் அதே 13-ஆம் அதிகாரத்தில் 8 முதல் 10 வரையுள்ள வசனங்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும். அன்பு பிறனுக்குத் தீங்கு செய்யாது, அதுவே சட்டத்தின் நிறைவு என்பது அங்கே சொல்லப்படும் கருத்து. லேவியராகமம் 19-இல், தேசத்தில் தங்கும் அந்நியனை ஒடுக்கக் கூடாது, நம்மில் ஒருவனைப் போலவே எண்ண வேண்டும் என்று கட்டளை இருக்கிறது. காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது: நீங்களும் எகிப்திலே அந்நியராயிருந்தவர்கள். 'நீங்கள் நல்லவர்கள், அதனால் இரக்கம் காட்டுங்கள்' என்று அங்கே சொல்லவில்லை. 'உங்களுக்கு அந்த வலி தெரியும்' என்றே சொல்லப்படுகிறது. தோட்டத்து மக்களைவிட இந்த வசனம் யாருக்கு நன்றாக விளங்கும்?

நம்ம நாட்டுச் சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. 1978-ஆம் ஆண்டின் அரசியலமைப்பில் சில உரிமைகள் பிரஜைகளுக்கு மட்டும். வேறு சில, ஆள் யாராயிருந்தாலும் அவருக்கு உண்டு. 11-ஆம் உறுப்புரை எந்த ஆளையும் சித்திரவதை செய்யக் கூடாது என்கிறது. 12-ஆம் உறுப்புரையின்படி சட்டத்தின் முன் ஆட்கள் எல்லாரும் சமம். 13-ஆம் உறுப்புரையின்படி கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், நீதிபதி முன் கொண்டு போக வேண்டும். இவற்றில் பிரஜை என்று எழுதியில்லை, ஆள் என்றே எழுதியிருக்கிறது. ஆகவே பாஸ்போட் இல்லாதவரைப் பிடிப்பது சட்டம். பிடித்தவரை அடிப்பது சட்டமல்ல. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். நாளைக்கு அவர்களுக்கே அது உதவும்.

4. நம்ம கரைக்கு வந்த படகுகள்

2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கடற்கரைப் பக்கம் ஒரு படகு மிதந்து வந்தது. அதில் நூற்றுக்கும் மேற்பட்ட ரொஹிங்யா மக்கள் இருந்தார்கள். குழந்தைகளும் பெண்களும் அதிகம். 2009-இல் போரின் கடைசி நாட்களைப் பார்த்த அதே முள்ளிவாய்க்கால். அங்குள்ள மீனவ மக்கள் பார்த்து, சாப்பாடு கொடுத்தார்கள். கடற்படை படகைத் திருகோணமலைக்குக் கொண்டு போயிற்று. படகை ஓட்டியவர்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் விளக்கமறியலுக்குப் போனார்கள். மற்றவர்கள் பிறகு முல்லைத்தீவு விமானப்படை முகாமில் வைக்கப்பட்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 2022 டிசம்பரிலும், வடமராட்சி கிழக்கு வெற்றிலைக்கேணிப் பக்கம் தத்தளித்த இன்னொரு ரொஹிங்யாப் படகைக் கடற்படையினர் காப்பாற்றிக் கரை சேர்த்திருந்தார்கள்.

யார் இந்த ரொஹிங்யா? மியன்மாரின் ராக்கைன் மாநிலத்து முஸ்லிம்கள். 1982-இல் அங்கே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 'வங்காளத்திலிருந்து வந்தவன்' என்று அவர்களுக்குப் பெயர். 2017-இல் இராணுவ நடவடிக்கைக்குப் பயந்து 7 இலட்சம் பேருக்கு மேல் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். 1948-இல் நமக்கு நடந்ததையும் 1982-இல் அவர்களுக்கு நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மொழி வேறு, மதம் வேறு. அந்தப் பத்திரக் கேள்வி ஒன்றுதான்.

நம்ம நாட்டில் அவர்களை வேறு விதமாக நடத்தியதும் உண்டு. 2017 செப்டம்பரில் கல்கிசையில் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பராமரிப்பில் 31 ரொஹிங்யா பேர் தங்கியிருந்த வீட்டை ஒரு கூட்டம் சூழ்ந்து, பயங்கரவாதிகள் என்று கத்தி, உள்ளே புக முயன்றது. குழந்தைகளும் அங்கே இருந்தார்கள். பொலிஸ் பாதுகாப்பில் அவர்களை வேறிடத்துக்குக் கொண்டு போக வேண்டியதாயிற்று. அன்றைக்கு அவர்களைக் கொண்டு போன பொலிசும், பிறகு வந்த படகுகளைக் காப்பாற்றிய கடற்படையும் சட்டத்தின் ஆட்கள்தான். அந்த இடத்தில் சட்டம் இரக்கத்துக்கு வேலி போல நின்றது.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கமும் இதே விஷயம் இருக்கிறது. 1983-க்குப் பிறகு கலவரத்துக்குப் பயந்து தமிழ்நாட்டுக்கு ஓடியவர்களில் மலையகத்தாரும் உண்டு. முன்னோரைத் தகரத் துண்டு கட்டி அனுப்பிய மண்டபத்திலேயே பேரப்பிள்ளைகள் அகதிகளாகத் தங்கினார்கள். இந்தியச் சட்டத்தின் சொல்படி, பத்திரமில்லாமல் வந்தவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்'. 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, முகாம்களிலிருந்த இந்திய வம்சாவளியினர் சிலர் போட்ட வழக்கில், அவர்கள் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், மத்திய அரசாங்கம் அதை ஆராய்ந்து முடிவு சொல்ல வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு நீதிமன்றம் மனுஷரைப் பார்க்க முடியும் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

5. நம்ம பிள்ளைகள் ஏறும் படகு

இதுவரை மற்றவர் நம்ம கரைக்கு வருவதைப் பார்த்தோம். இனி நம்ம பிள்ளைகள் போவதைப் பார்ப்போம். பெற்றோர் இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள்.

2022-இல் சாமான் விலை ஏறி, நாட்சம்பளம் ஒரு வேளைக்கும் காணாமல் போனபோது பலர் கடலைப் பார்த்தார்கள். அந்த வருஷம் நவம்பரில் 303 இலங்கையரை ஏற்றிய ஒரு கப்பல் தென்சீனக் கடலில் பழுதாகித் தத்தளித்தது. ஜப்பானியக் கப்பல் ஒன்று காப்பாற்றி வியட்நாமில் இறக்கியது. திருப்பி அனுப்ப வேண்டாம் என்று அங்கே உயிரை மாய்க்க முயன்றவர்களில் ஒருவர் இறந்தே போனார். டிசம்பரில் பாதிப் பேரளவில் விமானத்தில் திருப்பிக் கொண்டு வரப்பட்டார்கள். அடகு வைத்த நகையும், விற்ற காணியும், வட்டிக்கு வாங்கிய கடனும் திரும்பி வரவில்லை. அவுஸ்திரேலியாவோ 2013 செப்டம்பர் முதல் படகில் வருகிறவர்களைக் கடலிலேயே திருப்பி அனுப்பி வருகிறது. 'இந்த முறை சட்டம் மாறிருச்சு, ஏத்திக்கிறாங்க' என்று ஏஜென்சிக்காரன் சொன்னால் அது பொய்.

எல்லாப் படகும் கடலில் ஓடுவதில்லை. விசிட் விசாவில் வேலைக்கு அனுப்புவதும் அதே வேலைதான். 2023, 2024-ஆம் ஆண்டுகளில் தாய்லாந்தில் கம்பியூட்டர் வேலை என்று கூட்டிப் போன இலங்கை இளைஞர்களை மியன்மாரின் மியாவடிப் பகுதியில் அடைத்து வைத்து, இணையத்தில் மோசடி செய்ய வைத்தார்கள். மத்திய கிழக்குக்கு விசிட் விசாவில் போன பெண்களின் கதையும் பலருக்குத் தெரியும். அங்கே போனதும் அந்தப் பிள்ளைதான் 'கள்ளமாக வந்தவள்'. எசமான் பாஸ்போட்டைப் பறித்து வைத்தால், பொலிசுக்குப் போகவும் அவளுக்குப் பயம்.

ஆகவே, பிள்ளையின் மேல் இரக்கப்பட்டு நகையை அடகு வைத்துக் கொடுப்பது இரக்கமாகாது. கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள்:

அ) வேலைவாய்ப்பு முகவருக்கு அனுமதிப்பத்திர இலக்கம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது உண்மையா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். பணியகத்தின் தொலைபேசி இலக்கம் 1989.
ஆ) 'முதலில் விசிட் விசா, அங்கே போய் மாத்திக்கலாம்' என்று சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள்.
இ) ரசீது தராதவருக்கு ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள்.
ஈ) ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்து விளங்கிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.
உ) பாஸ்போட், விசா, ஒப்பந்தம் எல்லாவற்றின் பிரதியும் வீட்டில் ஒன்று இருக்கட்டும்.

பிள்ளை ஏமாந்து திரும்பி வந்துவிட்டால்? அப்போது இரக்கம் முழுவதும் வேண்டும். பெரட்டுக்களத்தில் அவனைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், அவன் மறுபடியும் படகு ஏறுவதற்குக் காரணமாகிறார்கள். கடனைப் பற்றித் தோட்டத் தலைவரோடும் குடும்பத்தாரோடும் உட்கார்ந்து பேசுங்கள். கூட்டிப் போனவன் பெயரைச் சொல்ல அவனுக்குத் தைரியம் கொடுங்கள். நாலு பேர் முறைப்பாடு செய்தால்தான் ஐந்தாவது பிள்ளை தப்பும்.

6. பத்திரமில்லாத ஒருவர் நம்ம வாசலுக்கு வந்தால்

'அவரைப் பொலிசில் கொடுக்கணுமா, வேண்டாமா?' என்று கேட்பவர்கள் பலர். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. பிலேமோனுக்குப் பவுல் எழுதிய சிறு நிருபத்தைப் பாருங்கள். ஒநேசிமு ஓர் அடிமை. எசமானை விட்டுப் பிரிந்து வந்து பவுலிடம் சேர்ந்தவன். பவுல் அவனை ஒளித்து வைத்துக் கொள்ளவில்லை, திருப்பி அனுப்புகிறார். ஆனால் சும்மா அனுப்பவில்லை. கையில் ஒரு நிருபம் கொடுத்து, இனி இவனை அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள், இவன் பட்ட கடன் இருந்தால் என் கணக்கில் எழுது என்று கேட்டு அனுப்புகிறார். அந்த வழியை நம்ம காலத்துக்கு இப்படிச் சொல்லலாம்:

முதலில் தண்ணீர், சாப்பாடு, உடுப்பு, மருந்து. பசித்தவருக்குச் சோறு போட யாரிடமும் உத்தரவு கேட்க வேண்டியதில்லை. நோயாளியானால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இரண்டாவது, ஒளித்து வைக்காதீர்கள். அது நம்மையும் வழக்கில் மாட்டும்; அவருக்கும் நன்மை இல்லை. ஒளிந்திருப்பவரை யாரும் மிரட்டலாம், யாரும் ஏமாற்றலாம்.

மூன்றாவது, அவரைத் தனியே அனுப்பாதீர்கள். போதகரோ, பங்குத் தந்தையோ, கோயில் தலைவரோ, தோட்டத் தலைவரோ கூடப் போகட்டும். எந்த நாளில், எந்தப் பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்தோம் என்று எழுதி வையுங்கள். அவர் பேசுகிற மொழி தெரிந்தவரைத் தேடுங்கள். திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்று அவர் சொன்னால், அதை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவியுங்கள். அதன் இலக்கம் 1996. அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை கையெழுத்திடவில்லை. அதனால் இப்படிக் கூடப் போகிற ஆட்கள் இன்னும் அதிகமாகத் தேவை.

நாலாவது, அவருடைய பயத்தைக் காசாக்காதீர்கள். 'உனக்குப் பத்திரமில்லை, பாதிச் சம்பளம்தான்' என்று வேலை வாங்குவது பாவம். ஏழைக் கூலிக்காரன் சொந்த சனமானாலும் அந்நியனானாலும், பொழுது சாயுமுன் அவன் கூலியைக் கொடுக்க வேண்டும் என்று உபாகமம் 24-இல் இருக்கிறது. கூலி குறைந்த வலி தெரிந்த நாம் இதைச் செய்யலாமா?

ஐந்தாவது, அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள். 'கள்ளத்தோணி' என்று நம்ம வாயால் இன்னொருவரைச் சொல்ல வேண்டாம். பிள்ளைகள் விளையாட்டுக்குச் சொன்னாலும் கூப்பிட்டுப் புத்தி சொல்லுங்கள்.

7. கலந்து பேச

1. சேவகர் கைதிகளைக் கொல்ல நினைத்ததற்கும் யூலி தடுத்ததற்கும் காரணம் என்ன? இரண்டு பேருக்கும் ஒரே பயம் இருந்தும் ஏன் வேறு வேறு முடிவு எடுத்தார்கள்?
2. மெலித்தா தீவார் முதலில் செய்தது எது, பிறகு பேசியது எது? நம்ம லயத்தில் இவற்றில் எது முதலில் வருகிறது?
3. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களுக்கு என்ன ஞாபகம்? 'ஒப்பாரிக் கோச்சி'யில் போன சொந்தக்காரர் யார்?
4. நம்ம மகன் வேறு நாட்டுக் கரையில் பத்திரமில்லாமல் நின்றால், அங்குள்ள பொலிஸ்காரர் அவனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விரும்புவோம்? அதையே நம்ம கரைக்கு வருகிறவருக்கும் விரும்புகிறோமா?
5. பொலிஸில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது உண்டு. அவர்களுக்காக நாம் எப்படி ஜெபிக்க வேண்டும்?

8. இந்த வாரத்து வேலை

வீட்டிலுள்ள எல்லாருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் அடையாள அட்டையும் இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். பெயரில் எழுத்துப் பிழை இருந்தாலும், பிறப்பே பதியாமல் விட்டிருந்தாலும், கிராம உத்தியோகத்தரைக் கண்டு இந்த மாதத்திலேயே தொடங்குங்கள். 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பெற்ற பத்திரம் தாத்தா பெயரில் இருந்தால், அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். ஈரம் பட்டு அழிய விடாதீர்கள்.

பிறகு உங்கள் லயத்தில் பத்திரமில்லாத குடும்பம் ஒன்று இருந்தால், அவர்களையும் உங்களோடு கச்சேரிக்குக் கூட்டிப் போங்கள். பஸ் காசுக்குக் கஷ்டமானால் இரண்டு வீடு சேர்ந்து கொடுங்கள். மெலித்தாவில் ஒருவர் தனியாக நெருப்பு மூட்டவில்லை. விறகை எல்லாரும் கொண்டு வந்து போட்டிருப்பார்கள். கைதியான பவுலும் ஒரு கட்டு பொறுக்கினார் என்று வேதம் சொல்கிறது (28:3).